கழித்தது போக மீதி

எங்க லேபுக்கு வர்ற ஜனங்க முதல்ல கேக்கறது பாத்ரூம் எங்கன்னுதான் மேடம். அடுத்து, ஜெராக்ஸ் எங்க எடுக்கலாம்னு கேப்பாங்க. தண்ணியில விஷம் இருக்கான்னு நேரா கேட்டவங்களை என் சர்வீஸ்ல விரல் விட்டு எண்ணிடலாம். நீங்க உக்காந்ததும் முதல் கேள்வியே அதைத்தான் கேட்டீங்க. எனக்கு உண்மையாவே சந்தோஷமா இருந்துச்சு.

விசாரணைக்கு வக்கீல் வேணுமான்னு கேட்டீங்க. வேணாம். ஒரு வக்கீலுக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுக்கறதுக்கு, நடந்ததை உங்ககிட்டயே சொல்லிடறது சுலபம். என் பேர் தட்சிணாமூர்த்தி, துணைத் தலைமைப் பகுப்பாய்வாளர். போர்டுல அப்படித்தான் எழுதியிருக்கு. வாசல்ல வாட்ச்மேன் மட்டும் என்னை 'தண்ணி சார்'னு கூப்பிடுவான்.

முதல்ல வேலையைப் புரிய வெச்சிடறேன், இல்லாட்டி நான் என்ன பண்ணேன்னே உங்களுக்குப் புரியாது. போர் தண்ணியைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில எடுப்போம். விளிம்பு வரைக்கும் நிரப்பி மூடணும், உள்ள ஒரு காத்துக் குமிழிகூட இருக்கக் கூடாது. ஏன்னா நாங்க தேடற சாமானுக்குத் தண்ணியில இருக்கவே இஷ்டம் கிடையாது. துளி காத்து கிடைச்சா அதுல ஏறிக்கிட்டுக் கிளம்பிடும். அதனால ஐஸ் பெட்டியில வெச்சு, வழியில டீக்கடையில நிக்காம லேபுக்குக் கொண்டு வரணும். மெஷின்ல விட்டா கம்ப்யூட்டர்ல ஒரு கோடு ஓடும். தண்ணி நல்லதா இருந்தா கோடு படுத்துக்கிட்டே போகும். விஷம் இருந்தா எழும்பி நிக்கும்.

ஆனா மெஷினையும் அப்படியே நம்பக் கூடாது. அதுக்குள்ளயும் பழைய அழுக்கு கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும். அதனால சாம்பிளுக்கு முன்னாடி, நாங்களே காய்ச்சி வடிச்ச சுத்தமான தண்ணியை ஒரு தடவை ஓட்டுவோம். அதுக்குப் பிளாங்க்னு பேர். பிளாங்க்ல எவ்வளவு காட்டுதோ அவ்வளவையும் சாம்பிள் கணக்குலேர்ந்து கழிச்சிடுவோம். எண்ணெய்க் கடையில தூக்கைக் குடுத்தா, தூக்கோட எடையைக் கழிச்சுட்டு எண்ணெய்க்கு மட்டும் விலை போடறாங்கல்ல, அதேதான். கழிக்கறது கம்ப்யூட்டரே பண்ணிடும், நாம கை வைக்க வேண்டியதில்லை.

இப்ப செல்லியம்மன் நகர் விஷயத்துக்கு வரேன். சேலையூர் தாண்டி, கேம்ப் ரோட்டுலேர்ந்து உள்ள போனா வரும். ஒரு பக்கம் புது அபார்ட்மென்ட், ஒரு பக்கம் பழைய ஓட்டு வீடுங்க, நடுவுல ஒரு ஷெட். இரும்புச் சாமான்ல ஒட்டின எண்ணெய்ப் பிசுக்கை ஒரு திரவத்துல கழுவி அனுப்பற ஷெட். கழுவின மிச்சத்தைப் பின்னாடி குழி வெட்டி ஊத்திட்டாங்க. எத்தனை வருஷமா ஊத்தினாங்களோ தெரியாது. ஜனங்க தண்ணியில ஒரு மாதிரி தித்திப்பு வாசனை வருதுன்னு மனு குடுத்தாங்க. நான் சாம்பிள் எடுத்து ஓட்டினேன். கோடு திரையோட உச்சியில போய் முட்டிக்கிட்டு நின்னுச்சு. பார்த்ததைப் பார்த்தபடி ரிப்போர்ட் எழுதினேன். அந்த முதல் ரிப்போர்ட் உங்க ஃபைல்ல இருக்கணும், அதுல ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாது.

அதுக்கப்புறம் எங்க டைரக்டர் ஷ்யாம்சுந்தர் சார் கூப்பிட்டார். திட்டுவார்னு நெனச்சேன். திட்டலை. அவர் ரொம்ப வருத்தமா, "இதை எதுக்கு தட்சிணாமூர்த்தி கண்டுபிடிச்சீங்க?" அப்படீன்னார். மறுநாள் அபார்ட்மென்ட் சங்கத்துக்காரங்க வந்தாங்க. எல்லாரும் படிச்சவங்க, நாவலூர் பக்கம் கம்பெனியில வேலை. விஷம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும் சார், நாங்க கேன் தண்ணிதான் குடிக்கறோம், பேப்பர்ல ஏன் சார் போட்டீங்க, வீட்டை விக்க முடியாம போச்சேன்னாங்க. அவங்க போனதும் ஷெட்டுல வேலை செய்யறவங்க வந்தாங்க, ஷெட்டை மூடிட்டா எங்க போறதுன்னு. ஓட்டு வீட்டு ஜனங்க கேம்ப் ரோட்டுல மறியல் பண்ணாங்க. பஸ்ஸெல்லாம் கிழக்குத் தாம்பரம் வரைக்கும் நின்னுடுச்சு. அதுல நானும்தான் மாட்டிக்கிட்டேன், ஸ்கூட்டரைத் திருப்பக்கூட இடமில்லை.

அந்த வாரம் முழுக்க என்னைப் பார்க்க வந்த பெரிய மனுஷங்க அத்தனை பேரும் கேட்டது ஒண்ணேதான் மேடம். ரிப்போர்ட்லேர்ந்து அந்த விஷத்தை எடுங்க. தண்ணியிலேர்ந்து எடுங்கன்னு அவங்கள்ல ஒருத்தர் வாயிலேர்ந்தும் வரலை. நான் அரசு ஊழியன். மனுவுல கேட்டதைத்தான் செய்ய முடியும்.

டைரக்டர் மறுபரிசோதனைக்கு ஆர்டர் போட்டார். அந்த நேரம் பார்த்து, தண்ணி காய்ச்சி வடிக்கற எங்க மெஷின் புகைஞ்சு போச்சு. அட்டெண்டர் குப்புராஜ், நல்ல மனுஷன், வேலை நிக்கக் கூடாதுன்னு எங்க குடிக்கற கேன் தண்ணியைப் பிடிச்சு பிளாங்க் பாட்டில்ல ஊத்தி வெச்சிட்டான். அந்தக் கேன் எந்த ஊர்லேர்ந்து வருதுன்னு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. செல்லியம்மன் நகருக்குப் பக்கத்துத் தெருவுல போர் போட்டு எடுத்துக்கிட்டிருந்திருக்கான் அந்தக் கம்பெனிக்காரன். வடிகட்டறதுக்குப் பதிலா லேபிள் ஒட்டியிருக்கான். ஆக பிளாங்க்லயும் விஷம், சாம்பிள்லயும் விஷம். கம்ப்யூட்டர் கழிச்சுது. 'கண்டறியப்படவில்லை'ன்னு அச்சடிச்சுக் குடுத்துச்சு.

நான் வேணும்னு பண்ணலை. அந்த முதல் தடவைக்கு நான் எங்க வேணாலும் வந்து சத்தியம் பண்றேன். ஊரே சந்தோஷப்பட்டுச்சு. சங்கத்துக்காரங்க லட்டு கொண்டு வந்தாங்க. மறியல் பண்ணவங்களும் சரி, இனிமே பயமில்லன்னு வீட்டுக்குப் போயிட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு, வேற எதையோ தேடறப்ப கழிக்கறதுக்கு முந்தின கோட்டைப் பார்த்தேன். புரிஞ்சு போச்சு. நேரா டைரக்டர் ரூமுக்குப் போனேன். உள்ள அவர் போன்ல யார்கிட்டயோ சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தார், பிரச்சினை தீர்ந்துடுச்சு சார்னு. அவர் சிரிச்சு நான் கேட்டதே இல்லை. கதவைத் தட்ட மனசு வரலை. கேன்டீனுக்குப் போய் டீ குடிச்சேன்.

தண்ணி காய்ச்சி வடிக்கற புது மெஷின் அடுத்த மாசமே வந்துடுச்சு. அதைப் பிரிக்க வேணாம்னு சொன்னது நான்தான். ஸ்டோர் ரூம்ல அட்டைப்பெட்டியோட இருக்கு, குப்புராஜ் அது மேல டிபன் பாக்ஸ் வெக்கறான். நீங்க போனா பார்க்கலாம்.

வாரா வாரம் சாம்பிள் எடுத்து, அந்தக் கேன் தண்ணியையே பிளாங்கா ஓட்டி, நல்லாத்தான் போயிக்கிட்டிருந்துச்சு. திடீர்னு கேன் சப்ளையை ஆபீஸ்ல மாத்திட்டாங்க. புதுக் கம்பெனி முடிச்சூர் பக்கத்துத் தண்ணி, ரொம்ப சுத்தம். அடுத்த சாம்பிள்ல கோடு மறுபடியும் எழும்பிடுச்சு. நல்லவேளை அன்னிக்கு ரூம்ல நான் மட்டும்தான் இருந்தேன். இனிமே இதை அட்டெண்டர் கையில விடக் கூடாதுன்னு முடிவு பண்ணேன். பிளாங்க் தண்ணியைப் பொறுப்பான அதிகாரி நேர்ல போய் எடுக்கறதுதான் முறை. அதனால வாரா வாரம் நானே ஸ்கூட்டர்ல செல்லியம்மன் நகர் போய், அங்கன்வாடி போர்லேர்ந்து ரெண்டு பாட்டில் பிடிச்சுக்கிட்டு வருவேன். ஒரு பாட்டில் சாம்பிள். இன்னொண்ணு பிளாங்க். ஒரே குழாய், ஒரே நேரம். கழிச்சா துல்லியமா சைபர் வரும். என் சர்வீஸ்ல அவ்வளவு சுத்தமான ரிசல்ட் நான் பார்த்ததில்லை.

அங்கதான் எல்லம்மா பழக்கம். அங்கன்வாடியில சமையல் ஆயா. அந்தத் தெருவுக்காரங்கதான். குழந்தைங்களுக்குக் கலவைச் சாதம் கிளறறது, முட்டை வேக வெக்கறது, தண்ணி பிடிச்சு வெக்கறது எல்லாம் அந்தம்மாதான். நான் குப்பியை ஓரமா சாய்ச்சு, குமிழி வராம நிரப்பறதை நின்னு பார்ப்பாங்க. எத்தினியோ ஆபீசரு வந்தாங்க சார், எட்டிப் பாத்துட்டுப் பூட்டாங்க, நீங்க ஒருத்தர்தான் மாறாம வந்துகினு கீறீங்கன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாங்க. அந்தப் பேச்சு பரவி, குடியரசு தினத்துக்குத் தெருவுல கொடியேத்தினப்ப எனக்குப் பொன்னாடை போத்தினாங்க. டீ போட்டுத் தரேம்பாங்க, நான் சுகர்னு சொல்லிடுவேன். எனக்கு சுகர் கிடையாது. வெயில்னா குடிக்க வீட்டுலேர்ந்து என் பாட்டில் கொண்டு போயிடுவேன்.

ஏஞ்சலைப் பத்திக் கேட்டீங்க. எங்க லேப்ல சேர்ந்த புதுப் பொண்ணு, சேலையூர்தான், நல்ல படிப்பு. நாவலூர்ல என் மருமகன் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு நான் லீவு போட்ட அன்னிக்கு, அது தானா மருந்துக்கடைக்குப் போய் ஊசி போடற சுத்தத் தண்ணியை வாங்கி வந்து பிளாங்க் ஓட்டியிருக்கு. மறுநாள் காலையில நான் பையை வெக்கறதுக்குள்ள பிரிண்டோட வந்து நின்னுச்சு.

"சார், நாம விஷத்துலேர்ந்து விஷத்தைக் கழிச்சிக்கிட்டு இருக்கோம் சார்."

பார்க்கறேம்மான்னு வாங்கி வெச்சுக்கிட்டேன். அந்த மாசமே அதை சத்தம் அளக்கற பிரிவுக்கு மாத்தச் சொல்லி எழுதினேன். தீபாவளி அன்னிக்கு எல்லாரும் வீட்டுல பலகாரம் சாப்பிடறப்ப, அது மீட்டரைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டுல வெடிச் சத்தத்தை அளந்துச்சு. எங்க லேபை விட்டுக் கிளம்பின அன்னிக்கு என் மேஜைக்கு வந்து அழுதுச்சு. பாவமாத்தான் இருந்துச்சு. சத்தம் அளக்கறது பாதுகாப்பான வேலைன்னு சொல்லி அனுப்பினேன். உங்களுக்கு எழுதிப் போட்டது அந்தப் பொண்ணுதான்னு எனக்குத் தெரியும். கோவமெல்லாம் இல்லை.

என்னைக் கல்நெஞ்சக்காரன்னு நெனச்சுடாதீங்க. நான் கலங்கின நாள் ஒண்ணு இருக்கு. எல்லம்மா ஒரு நாள் பெருமையாச் சொன்னாங்க, முன்னெல்லாம் பசங்களைத் தூங்க வெக்கறதுக்குள்ள தாவு தீர்ந்துடும் சார், இப்போ சோறு துன்னு தண்ணி குடிச்சா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குதுங்க, எழுப்பினாக்கூட எழுந்துக்க மாட்டேங்குதுங்கன்னு. எட்டிப் பார்த்தேன். பாயில வரிசையா படுத்திருந்துச்சுங்க. ஒரு குழந்தை வாய் ஓரத்துல வாந்தி காய்ஞ்சிருந்துச்சு. எனக்கும் அந்த வயசுல ஒரு பேத்தி இருக்கா மேடம். அன்னிக்குச் சாப்பாடு இறங்கலை.

உண்மையைச் சொல்லி போரை மூடலாம். மூடினா மறுபடி மறியல், சங்கம், டைரக்டரோட அந்த வருத்தமான மூஞ்சி. என் ரிட்டையர்மென்ட் வேற கிட்ட வந்துடுச்சு. யாருக்கும் சங்கடமில்லாம குழந்தைங்களை மட்டும் காப்பாத்த வழி உண்டான்னு யோசிச்சேன். கெமிஸ்ட்ரி படிச்சதுக்கு அன்னிக்குத்தான் பிரயோஜனம். நான் சொன்னேனே, அந்தச் சாமானுக்குத் தண்ணியில இருக்க இஷ்டமில்லைன்னு. சூடு பண்ணா மொத்தமும் ஆவியோட வெளிய வந்துடும். தண்ணி நிஜமாவே சுத்தமாயிடும்.

அடுத்த தடவை போனப்ப எல்லம்மாகிட்ட சொன்னேன். குழந்தைங்க குடிக்கற தண்ணியைப் பெரிய அண்டாவுல ஊத்தி, மூடி போடாம, தளதளன்னு ஒரு மணி நேரம் கொதிக்க விடணும். பக்கத்துலயே நின்னு கிளறிக்கிட்டே இருக்கணும். இப்ப பரவற காய்ச்சலுக்கு நல்லதுன்னு காரணம் சொன்னேன். சமையல் ரூம் சின்னது, நாலு எட்டு வெச்சா சுவர் வந்துடும். ஒரு கதவு, குழந்தைங்க படுக்கற ஹாலுக்குத் திறக்கும். ஒரு ஜன்னல், குழந்தைங்க விளையாடற திண்ணைக்குத் திறக்கும். ரெண்டு வழியிலயும் ஆவி குழந்தைங்க மேலதான் போகும். அதனால கொதிக்கறப்ப கதவையும் சாத்திடுங்க, ஜன்னலையும் சாத்திடுங்கன்னேன். வேக்காடா இருக்குமே சார்னாங்க. பரவால்லம்மா, பசங்களுக்காகத்தானேன்னேன். சரி சார், நீங்க சொன்னா சரிதான்னுட்டாங்க.

பத்து நாள்ல குழந்தைங்க தெளிஞ்சுடுச்சு மேடம். மதியம் தூங்காம கத்திக் கூத்தடிச்சுதுங்க. ஒரு வாலு என் ஸ்கூட்டர் சீட்டைக் கிழிச்சுது, என் காசுல தைச்சுக்கிட்டேன். உங்க குற்றப்பட்டியலை ரெண்டு தடவை படிச்சுப் பார்த்தேன். இந்த விஷயம் அதுல ஒரு வரிகூட இல்லை.

எல்லம்மாவுக்கு முதல்ல தலைவலின்னாங்க. அப்புறம், ஒரு சொட்டு ஊத்திக்காமயே போதையா கிறுகிறுங்குது சார்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் கை நடுங்க ஆரம்பிச்சுது. கரண்டி கீழ விழும். ஒரு வாரம் நான் போனப்ப அவங்க கண்ணு மஞ்சளா இருந்துச்சு. ஈரல் கெட்டுப் போச்சுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்களாம். குடிப்பழக்கம் உண்டான்னு டாக்டர் கேட்டாராம், அதுதான் அந்தம்மாவுக்கு அவமானமாப் போச்சு. நல்லாச் சாப்பிடுங்க, நேரத்துக்குத் தூங்குங்கன்னு சொன்னேன். வேற யாரும் அவ்வளவு அக்கறையா விசாரிச்சிருக்க மாட்டாங்க.

கடைசியா பார்த்தப்ப அந்தம்மா படியில உக்காந்திருந்தாங்க. எழுந்திரிக்க முடியலை. நான் குப்பியை மூடிக்கிட்டிருந்தேன்.

"சார், நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. தண்ணியில எதுனா கீதா? எனக்கு இன்னா ஆனா இன்னா சார். பசங்க குடிக்குதுங்களே."

"இல்லம்மா. குழந்தைங்க குடிக்கற தண்ணியில ஒண்ணுமே இல்லை."

நெஞ்சைத் தொட்டுத்தான் சொன்னேன். இதுல பொய் எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க மேடம். காய்ச்சின தண்ணியில ஒண்ணும் கிடையாது, நான் தனியா ஓட்டிப் பார்த்திருக்கேன், கோடு படுத்துக்கிட்டே போச்சு. அவங்க கேட்டது தண்ணியைப் பத்தி. ஆவியைப் பத்தி அவங்க கேக்கலை. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்குத் தெரியலை. அந்தம்மா ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, அது போதும் சார்னாங்க. போன ஆடியில தவறிட்டாங்க. நான் மாலை வாங்கிக்கிட்டுப் போனேன். லேப்லேர்ந்து போனது நான் ஒருத்தன்தான்.

நீங்க கெட்டிக்காரங்க, அங்கன்வாடியில விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கீங்க. தண்ணி சுத்தம்னு நீ நெஜமா நம்பியிருந்தா, மூடி போடாம ஒரு மணி நேரம் கொதிக்க விடு, கதவைச் சாத்து, ஜன்னலைச் சாத்துன்னு ஏன்யா சொன்னேன்னு கேட்டீங்க பாருங்க, அது சரியான கேள்வி. எல்லாத்தையும் பிளாங்க் கோளாறுன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். நான் செஞ்ச ஒரே நல்ல காரியத்தாலதான் மாட்டிக்கிட்டேன்.

அதனால எழுதிக்கோங்க. தெரியும். தண்ணியில விஷம் இருக்கறது தெரியும். கொதிக்க வெச்சா அது எங்க போகும்னு தெரியும். அந்த ரூம்ல நின்னு தினமும் கிளறற ஆளுக்கு என்ன ஆகும்னும், எவ்வளவு நாள்ல ஆகும்னும் தெரியும். சொல்றதுக்கு முன்னாடி அந்த ரூமோட நீள அகலத்தைக் கண்ணாலயே அளந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரியாத்தான் வந்துச்சு. அத்தனை குழந்தைங்க ஒரு பக்கம், எல்லம்மா ஒரு பக்கம். நீங்களா இருந்தாலும் அந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பீங்க. ஷெட்டுல இன்னும் வேலை நடக்குது, அபார்ட்மென்ட்ல வீடெல்லாம் வித்துப் போச்சு, குழந்தைங்க ஓடி ஆடிக்கிட்டிருக்கு. இத்தனை பேருக்கு நல்லது நடந்த ஒரு ஃபைலை நான் வேற பார்த்ததில்லை.

கையெழுத்துப் போடறேன். ஒரு வேண்டுகோள் மட்டும் இருக்கு. அந்த போரை மூடியாச்சான்னு காலையில கேட்டேன், ஃபைல் மேல போயிருக்குன்னீங்க. எனக்கு நம்ம ஃபைலுங்க தெரியும். கமிட்டி போடணும், மறுபடி சாம்பிள் எடுக்கணும், லாரித் தண்ணிக்கு டெண்டர் விடணும். அது வரைக்கும் குழந்தைங்க அந்தத் தண்ணியைத்தான் குடிக்கணும். இப்ப எல்லம்மா இடத்துல கங்கையம்மாள்னு ஒருத்தங்க வந்திருக்காங்க. பாவம், நல்லவங்க, ஆனா வேக்காடு தாங்காம பாதியில ஜன்னலைத் திறந்துடறாங்க. நான் சஸ்பென்ஷன்ல இருக்கறதால அங்க போக முடியலை. உங்க ஆபீஸ்லேர்ந்து யாரையாவது அனுப்பி அதைச் சாத்தச் சொல்லுங்க மேடம். தண்ணி சார் சொன்னார்னு சொன்னா போதும், கேட்டுக்குவாங்க.